உங்கப்பாகிட்ட சொல்லிடு

மலையேறுவது என்று முடிவானதற்கு ஒரே காரணம், மெத்தைக்கடைக்காரருக்குச் சர்க்கரை வந்ததுதான்.

நாற்காலி, கட்டில், சோபா என்று வரிசையாகக் கடைகள் இருக்கும் அந்தத் தெருவின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்தார் குடும்பத்தோடு வெளியே போவார்கள். எப்போதும் ஏரிக்கரைதான். சாப்பிடுவார்கள், மரத்தடியில் துணியை விரித்துத் தூங்குவார்கள், வெயில் சாய்ந்ததும் எழுந்து திரும்பிவருவார்கள். மனிதர்களை உட்காரவைத்தும் படுக்கவைத்தும் பிழைக்கிறவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் இந்த முறை டாக்டர் அவரை நடக்கச் சொல்லிவிட்டார். தான் மட்டும் நடப்பதில் மெத்தைக்கடைக்காரருக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

"ஊருக்குப் பின்னாலேயே மலை நிக்குது. பொறந்ததிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கோம். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒருத்தனாவது போய்ப் பாத்தானா?" என்றார் கூட்டத்தில்.

"அந்தப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் இருக்குண்ணே. டவுன் பஸ்ல போனா அரை மணி நேரம்" என்றார் பாலீஷ்காரர்.

"பஸ்ல போறவனுக்கு மலையைப் பத்தி என்னய்யா தெரியும்? இந்தப் பக்கம் ஏறுறோம். உச்சியில சாப்பிடுறோம். அந்தப் பக்கம் இறங்குறோம். நம்ம பஸ் சுத்திக்கிட்டு வந்து கீழ நிக்கும். பாதை தெரியறதுக்குக் கடைப் பையனை முன்னாடியே அனுப்பி மரத்துக்கு மரம் மெத்தை ஓரம் தைக்கிற சிவப்பு நாடா கட்டவச்சிட்டேன். சின்னப் புள்ளைகூடத் தவறாது."

அதைக் கூட்டத்தில் சொன்னதோடு விடாமல் கடை கடையாக ஏறி ஆள் பிடித்தார். குஷன்காரர் கடைக்கு அவர் வந்தபோது உள்ளே ஒரு பெரிய நாற்காலியின் முதுகுக்குப் பட்டன் பதித்துக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு பேர் வேலை. பின்னால் ஒருவர் உட்கார்ந்து நீள ஊசியைக் குத்தி அனுப்ப வேண்டும். முன்னால் இருப்பவர் அதில் பட்டனைக் கோத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பின்னால் இருப்பவர் இழுத்து முடிச்சுப் போடுவார். குஷன்காரர் பின்னால் இருந்தார். முன்னால் அவர் மனைவி. எந்நேரமும் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பதால் தெருவில் அவளுக்கு மிஷினக்கா என்று பெயர். நாற்காலி நடுவில் சுவர் மாதிரி நின்றது. இருந்தாலும் ஊசி எங்கே வர வேண்டுமோ அங்கேதான் வந்துகொண்டிருந்தது. கைகளுக்குள் எந்தச் சண்டையும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை மலைக்கு. குடும்பத்தோட வந்துடணும்" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

"பாப்பா, உங்கம்மா வர்றாளான்னு கேளு" என்றது நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

வெட்டுமேஜையில் துணிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல், "அம்மா, வர்றியான்னு அப்பா கேக்குறாரு" என்றாள்.

"படி ஏறவே மூச்சு வாங்குது, அந்த முட்டிய வச்சிக்கிட்டு மலை ஏறப்போறாராமான்னு கேளு."

"அப்பா, உங்க முட்டிவலி எப்படி இருக்குன்னு அம்மா அக்கறையா கேக்குறாங்க."

"நான் ஒண்ணும் அக்கறையா கேக்கல."

"அக்கறை இல்லையாம்ப்பா."

"என் முட்டி என் காலுலதான் இருக்கு, அவ தலையில இல்லன்னு சொல்லு."

"நல்லா இருக்காம்மா." மகள் கோடு போட்டு முடித்து மெத்தைக்கடைக்காரரைப் பார்த்தாள். "மூணு பேரும் வர்றோம் மாமா."

மெத்தைக்கடைக்காரருக்கு இது புதிதல்ல. தெருவுக்கே தெரிந்த விஷயம். பேர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் பேச்சை நிறுத்தி மழைக்காலம் ஒன்று முழுசாகப் போய்விட்டது. எல்லாம் ஒரு வெல்வெட் துணியால் வந்தது. வெல்வெட்டுக்கு ரோமம் சாயும் திசை என்று ஒன்று உண்டு. கீழ்நோக்கித் தடவினால் ஒரு நிறம், மேல்நோக்கித் தடவினால் வேறு நிறம். பல் டாக்டர் ஒருவருக்கு மூன்று பேர் உட்காரும் சோபா. துணியை வெட்டியது குஷன்காரர். தைத்தது மிஷினக்கா. டாக்டர் வீட்டில் கொண்டுபோய் வைத்தால், இரண்டு ஓரமும் பச்சை, நடுவில் மட்டும் பாசி பிடித்த மாதிரி கருத்த பச்சை. டாக்டர் சோபாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு வண்டியிலிருந்து அதை இறக்கும்போதுதான் அந்தப் பேச்சு நடந்தது.

"தைக்கும்போதே தெரியும், நடுத்துண்டு தலைகீழா இருக்குன்னு" என்றாள் அவள்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"வெட்டறதுல நீ தலையிடாதேன்னு அன்னிக்குத்தான சொன்னீங்க? நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"அப்ப திறக்காத."

திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. முதல் இரண்டு நாள் கோபத்தில் ஓடியது. அப்புறம் கோபம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. மௌனம் என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். அது மாடு வளர்ப்பது மாதிரி. தினம் எழுந்து தீனி போட வேண்டும், கட்டி மேய்க்க வேண்டும், ராத்திரி அவிழ்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மிஷினக்காவுக்குச் சலித்துப்போய்விட்டது. ஆனால் யார் முதலில் விடுவது?

அந்த சோபாவை வாங்க ஆளில்லாமல் வீட்டுக் கூடத்திலேயே போட்டுக்கொண்டார்கள். சாயங்காலமானால் அவர் அந்த ஓரம், அவள் இந்த ஓரம். கருத்த நடு இருக்கையில் மகள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பி, "அப்பாவுக்கு இன்னொரு டீயாம்", "அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். காரமாக வந்ததை இந்தப் பக்கம் வாங்கி, கொஞ்சம் தண்ணீர் கலந்து அந்தப் பக்கம் ஊற்றுவாள். நல்ல கைப்பக்குவம். கடை நடந்ததே அவளால்தான்.

போன புதன்கிழமை துணி உலர்த்த மாடிக்குப் போன மிஷினக்கா, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மகள் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டாள். ரயில் பெட்டிகளுக்கு இருக்கை செய்யும் கம்பெனி ஒன்று, தூரத்து ஊரில். இருக்கைக்கு வடிவம் வரையும் வேலைக்கு மகளைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்படி ஒரு சேதி வந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது.

"நல்ல வேலைதான்டி. யாரு இல்லன்னா? திங்கக்கிழமை காலையில பதில் சொல்லணும். வரலன்னுதான் சொல்லப்போறேன்" என்று சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் போயிட்டா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாரு? உப்பு வேணும்னாக்கூட கேக்காம சாப்பிட்டுட்டு எழுந்திரிச்சிப் போயிடுவாங்க. கடையை மூடிட்டு ஆளுக்கொரு சுவரைப் பாத்து உக்காந்துடுவாங்க... சிரிக்காதடி. உனக்குச் சிரிப்பா இருக்கு."

மிஷினக்கா ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே கீழே இறங்கிவிட்டாள். முதுகெல்லாம் நனைந்தது தெரியவில்லை.

அன்றிலிருந்து சமையலறையில் தனியாக ஒத்திகை பார்த்தாள். குக்கரைப் பார்த்து, "ஏங்க" என்றாள். மிகவும் குழைவாக இருந்தது. "இங்க பாருங்க" என்றாள். அதட்டுகிற மாதிரி இருந்தது. அவர் வந்து வாசலில் நின்றதும் வாயில் வந்தது வழக்கமானதுதான்: "பாப்பா, தட்டு வச்சாச்சுன்னு சொல்லிடு." திங்கட்கிழமை விடிவதற்குள் எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். மலையில் வைத்துப் பேசிவிடலாம். வீட்டில் சுவரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மலைக்கு இவர்கள் சண்டை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மகள் இருவரையும் நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இன்னைக்கு லீவு நாள். நான் யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நேராச் சொல்லிக்கோங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று கூட்டத்தின் முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மெத்தைக்கடைக்காரர் கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். தலையில் தொப்பி, கையில் புதுக் கோல். முதல் ஏற்றத்திலேயே விசில் ஊதுவதற்கு மூச்சு இல்லாமல், கையை ஆட்டி எல்லோரையும் நிற்கச் சொன்னார். அவரவருக்குக் கிடைத்த பாறையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் தொழில் வந்துவிட்டது.

"இது முதுகு சாய்மானம் பாரு, அளவு எடுத்துச் செஞ்ச மாதிரி."

"கை வைக்க இடமில்லையே."

"இந்தா, இதுல ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். மேல ஒரு பஞ்சு போட்டா போதும்."

"பஞ்சு வேணாம்ணே, ரெண்டு கோட்டு அடிச்சா பளபளன்னு ஆயிடும்" என்று பாலீஷ்காரர் பாறையைத் தடவிப் பார்த்தார்.

குஷன்காரர் எதிர்ப் பாறையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிஷினக்கா பார்த்தாள். தைலம் அவள் பையில் இருந்தது. எழுந்துபோய்க் கொடுத்து, அப்படியே "ஏங்க" என்று தொடங்கிவிடலாம். நல்ல இடம்தான். எழுந்தாள். இரண்டடி வைத்தாள். பக்கத்தில் பாலீஷ்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தைலத்தை அவர் கையில் வைத்துவிட்டாள்.

"தம்பி, இதை அவர்கிட்ட குடுத்து, மூளை இருக்கிற மனுஷன் ஏறுறதுக்கு முன்னாடியே தேச்சிருப்பான்னு சொல்லிடு."

பாலீஷ்காரர் நல்ல மனிதர், ஆனால் கலந்து ஊற்றத் தெரியாது. "அண்ணே, அக்கா உங்களுக்கு மூளை இல்லன்னு சொல்லச் சொன்னாங்க. இந்தாங்க தைலம்."

"மூளை இருந்திருந்தா அவளைக் கட்டியிருப்பேனான்னு கேளு."

"அக்கா, அண்ணன் என்ன சொல்றாருன்னா, அவருக்கு மூளை இருந்திருந்தா..."

"காது கேக்குது தம்பி."

அடுத்த ஏற்றத்துக்குள் பாலீஷ்காரர் இப்படி நாலு தடவை நடந்துவிட்டார், மலையை ஒன்றரை மடங்கு ஏறினார் என்று சொல்ல வேண்டும். கடைசியில் தொப்பென்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "உங்க பொண்ணுக்கு என்ன சம்பளம் குடுக்குறீங்கண்ணே?" என்று கேட்டார். "எவ்வளவு குடுத்தாலும் பத்தாது."

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே ஊர், வெட்டுமேஜையில் சிதறிய துண்டுத்துணி மாதிரி கிடந்தது. ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, பிளாஸ்க்கில் தேநீர். நீளமான ஒரு பாறையில் குஷன்காரர் அந்த ஓரம் உட்கார்ந்தார். கால்கள் பழக்கத்தில் கொண்டுபோக, மிஷினக்கா இந்த ஓரம் உட்கார்ந்தாள். நடுவில் யாரும் வரவில்லை. மகள் தூரத்தில் பாலீஷ்காரர் மனைவியோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

உப்புப் பொட்டலம் மிஷினக்காவிடம் இருந்தது. அவர் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். பிறகு உப்பில்லாமல் தின்னத் தொடங்கினார். அந்த மனுஷன் உப்பில்லாத முட்டையை மென்று விழுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கப்புறம் தினமும் இப்படித்தான் தின்பாரா? பொட்டலத்தை எடுத்துப் பாறையின் நடுவில் வைத்தாள். அவர் எட்டி எடுத்துக்கொண்டார். மிச்சத்தை மறுபடி நடுவில் வைத்தார். இதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் மேகம் வந்து மலைமேல் உட்கார்ந்துகொண்டது. "யாரும் தனியாப் போகக் கூடாது. சிவப்பு நாடாவை விடாதீங்க" என்று சொல்லி மெத்தைக்கடைக்காரர் விசிலை ஊதி முன்னால் நடந்தார். இறக்கத்தில் அவருக்கு நல்ல வேகம் வந்தது. கூட்டமும் தொந்தியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

கொஞ்ச தூரத்தில் குஷன்காரரின் செருப்பின் அடி பிளந்து வாயைத் திறந்தது. அவர் ஓரமாக உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து வளைஊசியும் மெழுகு நூலும் எடுத்தார். மலைக்கு வருகிறவர்கள் கத்தி கொண்டுவருவார்கள், டார்ச் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது இதைத்தான். நிதானமாக, நாற்காலிக்குத் தைப்பது மாதிரி, தையலுக்குத் தையல் இழுத்துத் தைத்தார். "அவங்கல்லாம் போயிட்டாங்க, சீக்கிரம்" என்று சொல்ல மிஷினக்காவுக்கு நாக்கு துடித்தது. சொல்லாமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசில் சத்தம் தேய்ந்து தேய்ந்து மேகத்துக்குள் போய்விட்டது.

அவர் எழுந்து நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்து மரத்தில் சிவப்பு நாடா, கண்ணைக் குத்துகிற மாதிரி தொங்கியது.

அவர் வலப்பக்கம் திரும்பினார்.

அவள் நின்றுவிட்டாள். நாடாவைப் பார்த்தாள். அவர் முதுகைப் பார்த்தாள். இருமினாள். அவரும் இருமினார், ஆனால் நிற்கவில்லை. கொஞ்சம் பலமாக இருமினாள். அவரும் பலமாக இருமிவிட்டு நடந்தார். வேறு யாராவதாக இருந்தால் "வழி இது இல்ல" என்று மூன்று சொல்லில் முடிந்திருக்கும். அவள் நாடாவிடம் விடைபெறுவது போல ஒருமுறை பார்த்துவிட்டு, தப்பு என்று நன்றாகத் தெரிந்த பாதையில் புருஷன் பின்னால் இறங்கினாள். தனியாகவும் விட முடியாதே.

இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அவ்வப்போது நின்று, காதைத் தீட்டிக்கொண்டு எதற்கோ காத்திருப்பது போலிருந்து, மறுபடி நடந்தார். முன்னால் வருவதற்கு எத்தனையோ வாக்கியங்கள் அவளுக்குள் முண்டியடித்தன. எல்லாம் ஒரே வாசலில் நெருக்கி, ஒன்றும் வெளியே வரவில்லை.

பாதை ஒரு பழைய கல்குவாரியின் விளிம்பில் போய்ச் சட்டென்று முடிந்தது. கீழே பச்சைத் தண்ணீர். அதற்கப்பால் மேகம். போக வழியில்லை. அவர் திரும்பினார். அவள் எதிரே நின்றாள். இருவருக்கும் நடுவில், எங்கிருந்து வந்ததோ, ஒரு ஆடு நின்று செடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

மிஷினக்கா ஆட்டைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"நாடா இடது பக்கம் இருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லு."

ஆடு மென்றது. குஷன்காரர் ஆட்டைப் பார்த்தார்.

"தெரிஞ்சா அங்கேயே ஏன் சொல்லலன்னு கேளு."

"எதுவும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போட்டவரு யாருன்னு கேளு."

"அது வெல்வெட்டுக்குச் சொன்னது. மலைக்கில்லன்னு சொல்லு."

"இவருக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உத்தரவு வாங்கணுமான்னு கேளு. மலைக்கு ஒண்ணு, சோத்துக்கு ஒண்ணு. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படின்னு கேளு. புள்ளைக்கு ரயில் கம்பெனியில வேலை வந்திருக்கு, அது போக மாட்டேங்குது, நாளைக்குக் காலையில வரலன்னு சொல்லப்போகுது, ஏன் தெரியுமான்னு கேளு, அதுக்குக் காரணம்..."

ஆடு செடியை விட்டது. காதை ஒருமுறை உதறிவிட்டு, இவர்கள் குடும்ப விவகாரம் தனக்கு வேண்டாம் என்பது போல், சரிவில் குளம்புகள் சறுக்க ஏறி மேகத்துக்குள் மறைந்தது.

அவள் வாக்கியம் பாதியில் நின்றது. எதிரே அவர் மட்டும் இருந்தார். ஈரமான முகம், தலைமயிரில் ஒரு காய்ந்த இலை. இத்தனை நாளாக நேருக்கு நேர் பார்க்காமல் இருந்ததில், மீசையில் நரை இவ்வளவு ஏறியிருப்பதை அவள் கவனித்திருக்கவில்லை.

"அதுக்குக் காரணம் நாமதாங்க" என்றாள்.

அவர் தலையிலிருந்த இலையை எடுத்துக் கீழே போட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"புதன்கிழமை மாடியில பேசிச்சே. மாடிச் சுவருக்கு வெளிப்பக்கம் ஏணியில நின்னு நான் குழாய்க்குத் துணி சுத்திக்கிட்டு இருந்தேன். நீ துணியோட வந்ததையும் பாத்தேன், போனதையும் பாத்தேன்."

"பாத்துட்டுமா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?"

"சும்மா எங்க இருந்தேன்? கோணிமூட்டையை நிக்கவச்சி அதுகிட்ட பேசிப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுகிட்ட நல்லா வருது. உன் மூஞ்சியப் பாத்தா வரமாட்டேங்குது."

அவளுக்குக் குக்கர் ஞாபகம் வந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

"நாடாவையாவது பாத்திருக்கலாம்ல?"

"பாத்தேன்."

"என்னது?"

"பாத்தேன். பாத்துட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினேன். ஆளுங்க நடுவுல உனக்கு வாய் வராது, எனக்கும் வராது. தப்பான வழியில போனா நீயே 'ஏங்க, அது வழியில்ல'ன்னு சொல்லுவன்னு நினைச்சேன். சொன்னா அங்கேயே முடிஞ்சிருக்கும்."

"நான் சொல்லலன்னா திரும்ப வேண்டியதுதானே! குவாரி வரைக்குமா எறங்கி வருவாங்க?"

"நீ அடுத்த திருப்பத்துல சொல்லுவன்னு பாத்தேன். அதுக்கடுத்த திருப்பத்துலயாவது சொல்லுவன்னு பாத்தேன். இருமி இருமித் தொண்டையே புண்ணாப் போச்சு."

"இந்த முட்டிய வச்சிக்கிட்டு!"

"ஆமா, இந்த முட்டிய வச்சிக்கிட்டுத்தான். நீ நின்ன எடத்துலயே நின்னிருந்தா நானும் திரும்பியிருப்பேன். நீ எதுக்குப் பின்னாலயே வந்த?"

"கட்டின பாவத்துக்கு வந்தேன்!"

"அப்ப நீயும் தப்புன்னு தெரிஞ்சே வந்திருக்க."

"நீங்களும் தப்புன்னு தெரிஞ்சேதான போனீங்க?"

"அதத்தான நானும் சொல்றேன்!"

திரும்பி ஏறத் தொடங்கினார்கள். இறங்கும்போது தெரியாத செங்குத்து ஏறும்போது தெரிந்தது. ஆனால் வாய்க்கு மூச்சுப் பஞ்சமே இல்லை. தடுத்து வைத்த தண்ணீர் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டதும் கரையையே அடித்துக்கொண்டு போவது மாதிரி, ஒரு மழைக்காலத்துப் பேச்சு முழுவதும் வந்தது. மிக்சி கெட்டுப்போனதை அவள் சொன்னாள். அது கெட்டு எத்தனை நாளாகிறது என்று அவர் கேட்டார். மரக்கடைக்காரருடைய மாமியார் செத்துப்போனது அவருக்கு இன்றுவரை தெரியவில்லை.

"செத்துட்டாங்களா? எப்ப?"

"மழையோட மழையா. நாங்க போயிட்டு வந்தோம்."

"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே! போன வாரம்தான் அவன்கிட்ட, மாமியார் சௌக்கியமாய்யான்னு கேட்டேன்!"

"ஐயையோ. என்ன சொன்னாரு?"

"ஒரு மாதிரியாப் பாத்தான். இப்பத்தான் புரியுது."

அவள் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கத்தினார். "எல்லாம் உன்னாலதான்" என்றார். "வெட்டினது யாரு?" என்றாள். "தச்சது யாரு?" என்றார். வெல்வெட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சிவப்பு நாடாவிருந்த பிரிவில் வந்து இடப்பக்கம் திரும்பியதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

மலையடிவாரத்தில் மேகம் இல்லை. கடைசித் திருப்பத்தில் வந்தபோது கீழே பஸ்ஸும் அதைச் சுற்றிச் சங்கத்தார் மொத்தமும் மேலே அண்ணாந்து பார்த்தபடி நிற்பதும் தெரிந்தது. மெத்தைக்கடைக்காரர் வாயில் விசில் இருந்தது, ஆனால் ஊதவில்லை. பாலீஷ்காரர் இரண்டு கையையும் தலைமேல் வைத்திருந்தார். மகள் பஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மிஷினக்காவுக்கு அங்கிருந்து தெரியவில்லை. கிட்டே போயும் தெரியவில்லை.

"எங்கண்ணே போனீங்க? ஆளனுப்பித் தேட இருந்தோம்" என்றார் மெத்தைக்கடைக்காரர். "அப்பத்தான் பொண்ணு சொல்லிச்சு, தேட வேணாம், சத்தம் வருதுன்னு. அந்த மேட்டுலேருந்தே கேக்குது உங்க சண்டை."

"வழி தவறிட்டோம்" என்றார் குஷன்காரர்.

"நாடா இருந்துச்சே!"

"இவளைக் கேளுங்க."

"என்னை ஏன் கேக்கணும்? முன்னாடி போனவரு அவரு."

மகள் எழுந்து வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், சோபாவில் பார்ப்பது போலவே. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கக் கையில் எதுவும் இல்லாதவள் மாதிரி நின்றாள்.

"பாப்பா" என்றாள் மிஷினக்கா. "அந்த ரயில்காரங்களுக்கு வர்றேன்னு சொல்லிடு."

மகள் முகம் மாறியது. "உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்த வீட்டுல யாரு எதைச் சொன்னாங்க?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

மிஷினக்கா வழக்கப்படி, "கேட்டுப் பாரு" என்று சொல்லப்போனாள். நிறுத்தினாள். தானே திரும்பி, எல்லோரும் பார்க்க, புருஷனிடம் கேட்டாள்.

"ஏங்க, போகட்டும்தானே?"

"போகட்டும். அந்த ரயில் சீட்டுல உக்காந்தா எனக்கு இடுப்பு ஒடியுது. ஒருத்தராவது போய்ச் சரிபண்ணட்டும்."

மகள் போனை எடுத்தாள். ஆகாயத்தைப் பார்த்து ஆட்டினாள். டவர் இல்லை. பஸ் புறப்பட்டு, முதல் தெருவிளக்குகள் தெரிந்த இடத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ எழுதி அனுப்பினாள். அனுப்பியதும் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

முன் இருக்கையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மிக்சியை ரிப்பேர் பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். பின்னால் பாலீஷ்காரர், "பேசாம இருந்தப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு" என்று மனைவியிடம் முனகினார்.

மிஷினக்கா திரும்பிப் பார்த்தாள். மகள் வாயை லேசாகத் திறந்துகொண்டு, குழந்தையில் தூங்கின மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் இரண்டு காதையும் மூடித் தூங்கி எத்தனை நாளாகியிருக்கும்?

"ஸ்ஸ். மெதுவா. புள்ள தூங்குது."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவளும் மூடிக்கொண்டாள். வெளியே கடைகள் ஓடின. பஸ் மேட்டில் ஏறி இறங்கியது. அவர் தோள் அவள் தோளில் இடித்தது, விலகவில்லை. எவ்வளவோ நாள் பேசாமல் இருந்தவர்கள்தான். ஆனால் இப்படிப் பேசாமல் இருப்பதற்கு வேறு ருசி இருந்தது. மிஷினக்கா அதை மெல்ல அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி மின்விசிறி நின்றுபோனால் திடுக்கிட்டு விழிப்பது மாதிரி, பின்னாலிருந்து மகள் விழித்து எழுந்தாள். சீட்டுக்கு மேலே தலையை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?"

"உங்கம்மாதான் நிறுத்தச் சொன்னா" என்றார் அவர்.

"நான் மெதுவாப் பேசுங்கன்னுதான சொன்னேன்? நிறுத்தவா சொன்னேன்?"

"ஸ்ஸுன்னா என்ன அர்த்தம்?"

"ஸ்ஸுன்னா ஸ்ஸு. அதுக்குக்கூட உங்களுக்கு அகராதி வேணுமா?"

மகள் அப்பாடா என்று சாய்ந்தாள். அடுத்த திருப்பம் வருவதற்குள் மறுபடி தூங்கிவிட்டாள்.